ஓட்டத்துக்கு முன் கஞ்சா: கொலராடோவில் சட்டப்படி எடுப்பவர்களுக்கு

டென்வர் பக்கம் ஓடுகிறவர்களோடு கொஞ்ச நாள் பழகினால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் கஞ்சா கலந்த கம்மீஸ் என்ற மெல்லும் மிட்டாயில் பாதியைக் கடித்துக்கொள்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். எங்கள் தமிழ் ஓட்டக் குழுவிலும் இளையவர்கள் என்னைத் தனியாக ஓரம்கட்டிக் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்க பார்மசிஸ்ட்தானே, இது நிஜமாவே உதவுமா? எவ்வளவு எடுக்கணும்?" மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவ்வப்போது நானும் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். அதனால் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இதனால் வேகம் கூடாது, பலமும் கூடாது. புரதப் பொடி, காபி வரிசையில் இதை வைத்துப் பேசுவதே தவறு. இது செய்யக்கூடியது ஒன்றுதான். சலிப்பான, மெதுவான, நீண்ட ஓட்டத்தைக் கொஞ்சம் இனிமையாக்கும். அதுவும் எல்லோருக்கும் இல்லை. அந்த ஒரு பலன் உங்களுக்குத் தேவையில்லை என்றால், கீழே இருக்கிற எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

யார் தொடவே கூடாது

எங்கள் குழுவில் பாதிப் பேர் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறவர்கள். அவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். கொலராடோ 2012 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, 2014 ஜனவரி 1 முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கடையில் விற்க அனுமதிக்கிறது. மாநிலச் சட்டம் அது. குடியுரிமை, விசா எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் இது இன்னும் போதைப்பொருள்தான். கைதாகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்க, "ஆமாம், டென்வரில் சட்டப்படி வாங்கிச் சாப்பிட்டேன்" என்று நீங்களே ஒப்புக்கொண்டால் அதுவே நாட்டுக்குள் நுழைய விடாமல் தடுக்கப் போதுமான காரணமாகலாம். குடியுரிமை விண்ணப்பத்தில் பார்க்கும் நன்னடத்தைக்கும் இது தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறையே வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலத்தில் சட்டப்படி வாங்கியிருந்தாலும் அதே கதைதான். பத்து வருடம் வரிசையில் நின்று வாங்கப்போகிற கார்டை ஒரு மிட்டாய்க்காகப் பணயம் வைக்காதீர்கள். நான் குடியுரிமை பெற்ற பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

அடுத்து இதயம். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே வருகிறது என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. கஞ்சாவில் இருக்கிற, போதை ஏற்றும் பொருளான டி.எச்.சி. எடுத்த சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டிவிடும். இது புகையாக இழுக்கும்போது. வாயால் சாப்பிட்டால் மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். அதற்கு மேல் நீங்கள் ஓடவும் போகிறீர்கள். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 4.8 மடங்கு இருந்தது என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. ஆரோக்கியமான ஆளுக்கு அடிப்படை அபாயம் மிகச் சிறியது, அதனால் 4.8 மடங்கும் சிறியதுதான். ஆனால் அடைப்பு இருந்து, அது தெரியாமலேயே நடமாடுகிறவர் நம்மில் எத்தனை பேர்? அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்த வீடு என்றால், 40 தாண்டியவர் என்றால், முதலில் மருத்துவரிடம் போய் இதயப் பரிசோதனை முடித்துவிட்டு வாருங்கள். நெஞ்சு வலி, துடிப்புக் கோளாறு, ஸ்டென்ட் இருக்கிறவர்கள் இதை மறந்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், 21 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள், தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறு இருந்தவர்கள்: இவர்களுக்கும் இல்லை. இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கம் வருகிறேன், இது என் பழைய தொழில். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் மேலும் இளகிப் போகலாம். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு டாக்ரோலிமஸ் எடுக்கிறவர்களுக்கும், வலிப்புக்கு குளோபசாம் எடுக்கிறவர்களுக்கும், கஞ்சாவில் இருக்கிற, போதை ஏற்றாத இன்னொரு பொருளான சி.பி.டி. அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்த அழுத்த மாத்திரையோடு டி.எச்.சி. சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். இன்சுலின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: படபடப்பு, நடுக்கம், குழப்பம் வந்தால் அது சர்க்கரை இறங்கியதாலா, மிட்டாயாலா என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மருந்தாளுநரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நாங்கள் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

வேலையில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டி.எச்.சி.யின் எச்சம் கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அடிக்கடி எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கில் பரிசோதனையில் காட்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நீண்ட நேரம் ஓடினால் ஒரு மிதப்பான சந்தோஷம் வருமே, அதற்கு எண்டார்பின்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ரத்தத்தில் சுற்றும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழையாது என்பது அந்த விளக்கத்தின் ஓட்டை. மனிதர்களுக்கு எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் கொடுத்து ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. அந்த மருந்தைக் கொடுத்தும் மிதப்பு வந்தது. உடம்பு தானே சுரக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருள்கள்தான் இப்போது சந்தேகத்தின் முதல் ஆள். அவற்றில் ஒன்றான ஆனந்தமைடை 1992-இல் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். நன்றாக ஓடினால் இது இலவசமாகவே கிடைக்கிறது என்பதை மறக்காதீர்கள். புதிதாக ஓட வந்தவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முதலில் ஆறு மாதம் வெறும் ஓட்டம், அப்புறம் மிச்சத்தைப் பார்க்கலாம் என்பது.

வெளியிலிருந்து கொடுக்கிற கஞ்சா என்ன செய்கிறது என்று எங்கள் பக்கத்து ஊரிலேயே சோதித்தார்கள். போல்டரில் இருக்கிற கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலா பிரையன் குழுவினர் செய்த ஆய்வு 2023 டிசம்பரில் வெளிவந்தது. ஏற்கெனவே கஞ்சாவோடு ஓடிப் பழகிய 42 பேர். மத்தியச் சட்டம் காரணமாகப் பல்கலைக்கழகம் கையால் கொடுக்க முடியாது. அதனால் கலந்துகொண்டவர்களே கடையில் வாங்கி, வீட்டிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் வேனில் வந்து அவர்களை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் ட்ரெட்மில்லில் 30 நிமிடம் ஓடவிட்டார்கள். கஞ்சா எடுத்த நாளில் எல்லோருக்குமே ஓட்டம் கூடுதல் இனிமையாக இருந்தது. ஆனால் டி.எச்.சி. மிகுந்த வகையை எடுத்தவர்களுக்கு அதே வேகம் அதிகச் சிரமமாகவும் தெரிந்தது. சி.பி.டி. மிகுந்த வகையை எடுத்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, இனிமை மட்டும் கூடியது.

இந்த முடிவை இரண்டு தடவை படியுங்கள். போதை ஏற்றும் பொருள் ஓட்டத்தைக் கடினமாக்குகிறது. நேரக் கணக்கு பார்த்து ஓடுகிறவர்கள், போல்டர் போல்டர் என்ற 10 கிலோமீட்டர் பந்தயத்துக்கோ கோல்ஃபாக்ஸ் மாரத்தானுக்கோ தயாராகிறவர்கள், வேகப் பயிற்சி நாளில் இதை எடுப்பது தன் காலைத் தானே கட்டிக்கொள்வது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பழகியவர்கள், என்ன எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தவர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள். எதிர்பார்ப்பே பாதி இனிமையைக் கொண்டுவந்திருக்கலாம்.

எதை வாங்குவது

உரிமம் உள்ள கடை. வேறு எங்கேயும் இல்லை. 2019-இல் அமெரிக்கா முழுக்க வேப் என்ற மின்சிகரெட் பிடித்தவர்கள் நுரையீரல் பாதித்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். கள்ளச் சந்தைக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் பெரிய காரணம் என்று தெரிந்தது. நண்பர் வீட்டில் சுட்ட பிரௌனியும் வேண்டாம். ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் என்று சுட்டவருக்கே தெரியாது.

போல்டர் ஆய்வில் அவர்கள் புகைத்தார்கள். நான் புகைக்கச் சொல்லமாட்டேன். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ரத்தத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டென்வர் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே ஏற்கெனவே காற்று லேசு. ஓடப்போகும் நுரையீரலுக்கு அரை மணி முன்னால் புகை கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மிச்சம் இருப்பது சாப்பிடும் வகை. கொலராடோவில் ஒரு பரிமாறலுக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி., ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம், இதுதான் உச்ச வரம்பு. அந்த 10 பழகாத ஆளுக்கு மிக அதிகம். ஒரு மிட்டாய்க்கு 2.5 அல்லது அதற்கும் குறைவாகப் போட்ட பொட்டலங்கள் கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். பெரிய மிட்டாயைக் கத்தியால் நறுக்கும்போது மருந்து எல்லாத் துண்டுக்கும் சமமாகப் போகும் என்று சொல்ல முடியாது. சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் சேர்ந்த வகை, அதில் சி.பி.டி. தூக்கலாக இருப்பது, என் தேர்வு. கடையில் நிற்கும் பிள்ளை "இது சடைவா, அது இண்டிகா, இது எனர்ஜி கொடுக்கும்" என்று செடி வகைகளைச் சொல்லும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அட்டையில் இருக்கிற மில்லிகிராமைப் பாருங்கள்.

பெட்ரோல் பங்கிலும் பலசரக்குக் கடையிலும் விற்கிற சி.பி.டி. எண்ணெய், மூட்டு வலி மிட்டாய் பற்றி: அட்டையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இல்லாமல் போகலாம். டி.எச்.சி. கலந்திருந்தால் பரிசோதனையில் மாட்டுவது நீங்கள்தான்.

எடுக்கும் முறை

முதல் தடவை ஓடவே ஓடாதீர்கள். ஓய்வு நாள் ஒன்றில், வீட்டில், கூட ஒருவர் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2.5 மில்லிகிராமோ அதற்குக் கீழோ எடுங்கள். மறுநாள் வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மது கிடையவே கிடையாது. வாயால் எடுத்தது குடலில் போய், கல்லீரலில் இன்னும் வீரியமான வேறொரு வடிவமாக மாறி, அப்புறம்தான் மூளைக்கு வருகிறது. அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். உச்சம் தொட இரண்டிலிருந்து நான்கு மணி. முழுதாக இறங்க ஆறு எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். பெரும்பாலான விபத்துகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள். வெடிக்காத தீபாவளி வெடியை மறுபடி பற்றவைக்கக் குனிவது போல அது. ஒரே நாளில் இரண்டாவது கிடையாது.

அன்று உடம்பு என்ன சொல்கிறது என்று எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, துடிப்பு எவ்வளவு, பயம் வந்ததா, வாய் வறண்டதா. பயமோ படபடப்போ வந்திருந்தால் உங்கள் பயணம் அங்கேயே முடிந்தது, ஓடும்போது அது குறையப்போவதில்லை. எல்லாம் சுமுகமாக இருந்தால், ஒரு வாரம் கழித்து அதே அளவோடு ஒரு நடை. இன்னொரு வாரம் கழித்து மெதுவான ஓட்டம். அளவைக் கூட்டாதீர்கள். 5 மில்லிகிராமுக்கு மேல் போனவர்கள் எங்கள் குழுவில் ஓட்டத்தை ரசித்ததாக எனக்குச் சொன்னதில்லை. உட்கார்ந்துவிட்டதாகத்தான் சொன்னார்கள்.

ஓட்ட நாளில் நான் செய்வது இது. காலையில் தயிர் சாதமோ முட்டையும் தோசையுமோ, கொஞ்சம் கொழுப்பு இருக்கிற உணவு. கொழுப்போடு சேர்ந்தால் உடம்பு இதை நன்றாக உறிஞ்சும், வெறும் வயிற்றில் ஒரு நாளும் சாப்பாட்டோடு ஒரு நாளும் எடுத்தால் இரண்டு நாளும் வேறு வேறாக இருக்கும். அதனால் ஒரே மாதிரி உணவு. மிட்டாயை எடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஷூ லேஸைக் கட்டுகிறேன். எனக்கு அதற்குள் பெரும்பாலும் ஏற ஆரம்பித்துவிடும், உச்சம் அதற்குப் பிறகுதான். அன்றைக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் எந்த வழியாகப் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டு, போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புகிறேன்.

வாசலிலிருந்தே ஓட ஆரம்பிப்பது மிக முக்கியம். பாதை வரை காரில் போய் நிறுத்தி ஓடுவது நம் பழக்கம், அது இந்த நாளில் செல்லாது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே போதையில் வண்டி ஓட்டியதாகக் கருத கொலராடோ சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குக் குறைந்திருந்தாலும் தடுமாற்றம் தெரிந்தால் வழக்குப் போடலாம். சைக்கிளும் வேண்டாம். பூங்காவில் உட்கார்ந்து மிட்டாய் சாப்பிடுவதும் சட்டப்படி தப்பு, பொது இடத்தில் எடுக்க அனுமதி இல்லை. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா, தேசிய வனங்கள், அவற்றில் இருக்கிற பனிச்சறுக்கு மலைகள் எல்லாம் மத்திய அரசு நிலம். அங்கே பையில் வைத்திருப்பதே குற்றம்.

எனக்கு வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் செரி க்ரீக் பாதை. தட்டையான பாதை, சாலையைக் கடக்காமல் பாலத்துக்கு அடியில் புகுந்து போகும், பின்னாலிருந்து சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள். காதில் எதுவும் மாட்டுவதில்லை. டி.எச்.சி. கவனத்தையும் எதிர்வினை வேகத்தையும் குறைக்கும். பாட்டு வேறு சேர்ந்தால் மணி அடிப்பது கேட்காது. கல்லும் வேருமாக இருக்கிற மலைப் பாதைக்கு இது ஆகவே ஆகாது. எடை தூக்குவது, நீச்சல், பாறை ஏறுவது, டென்னிஸ், எதிலும் வேண்டாம். ஜிம்மில் தலைக்கு மேல் பாரம் தூக்கி நிற்கும்போது கவனம் ஒரு நொடி விலகினால் என்ன ஆகும் என்று நானா சொல்ல வேண்டும்?

வேகத்தைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும், உணர்வு தீர்மானிக்கக் கூடாது. மார்பில் பட்டை கட்டி, வழக்கமான மெது ஓட்டத் துடிப்புக்கு ஒரு எல்லை வைத்து, தாண்டினால் சத்தம் போடும்படி செய்திருக்கிறேன். சத்தம் வந்தால் நடை. அன்றைக்கு என் வேகம் எப்போதும் குறைவுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. மூச்சும் காலடியும் ஒன்றாகப் போவது தெரிகிறது. வளைக்கு வெளியே எழுந்து நிற்கிற புல்வெளி நாய்கள் எனப்படும் அணில் இன விலங்குகளைப் பார்த்துக்கொண்டே போகிறேன். மணியைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. நான் இதற்காகத்தான் எடுக்கிறேன். தண்ணீர் மட்டும் கையில் வேண்டும். வாய் வறட்சியும் இந்த உயரமும் சேர்ந்து தாகத்தைக் குழப்பும். ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் கொஞ்ச தூரம் நடந்து, மெதுவாகக் குனிந்து நிமிருங்கள்.

மாதம் ஒன்றிரண்டு தடவை போதும். எடுக்காமல் ஓடக் கிளம்பவே மனம் வரவில்லை என்று ஒரு நாள் தோன்றினால், அன்றைக்கே பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மாதம் வெறும் ஓட்டம் ஓடுங்கள். அந்த மாதத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

போட்டிக்கு ஓடுகிறவர்கள்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை போட்டிக் காலத்தில் டி.எச்.சி.யைத் தடை செய்திருக்கிறது. சிறுநீரில் அனுமதிக்கப்பட்ட வரம்பை 2013-இல் மில்லிலிட்டருக்கு 15-லிருந்து 150 நானோகிராமாக உயர்த்தினார்கள், 2018-இல் சி.பி.டி.யைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சனால் 2021-இல் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் 100 மீட்டர் ஜெயித்தும் இந்தப் பரிசோதனையால் ஒரு மாதத் தடை வாங்கி டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் போனது. கல்லூரி அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு: கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் 2024 ஜூனில் தடையை நீக்கினார்கள். ஆனால் உங்கள் கல்லூரியின் சொந்த விதி வேறாக இருக்கலாம், பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு துண்டுகூடப் பெட்டியில் போகக் கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கஞ்சா வைத்திருப்பது குற்றம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனம். அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்திருந்தாலும் அங்கே குற்றம்தான். கிளம்பும் முன் ஓட்டப் பையின் சின்ன ஜிப்பு அறையைத் தலைகீழாக உதறிப் பாருங்கள்.

அளவு மீறிவிட்டால்

நிறுத்துங்கள், நிழலில் உட்காருங்கள், வீட்டுக்குப் போன் போட்டு வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள். தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, அமைதியான அறை, பக்கத்தில் ஒரு ஆள். பயம் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். நெஞ்சு வலி, மயக்கம், நிற்காத வாந்தி, ஆளைத் தெரியாத குழப்பம், இவற்றில் எது வந்தாலும் 911. என்ன எடுத்தோம், எவ்வளவு, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க விஷமுறிவு உதவி மையம் 1-800-222-1222, எந்த நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் குழந்தைகள், பேரப்பிள்ளைகள் இருந்தால் பொட்டலத்தைப் பூட்டி வையுங்கள், சமையலறை அலமாரியிலோ ஓட்டப் பையிலோ வேண்டாம். குழந்தைக்கு அது வெறும் மிட்டாய், ஒன்றோடு நிறுத்தாது. கடையில் கொடுத்த, குழந்தை திறக்க முடியாத அந்தப் பையிலேயே இருக்கட்டும், வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் அது பாஸ்போர்ட் வைத்திருக்கிற இரும்புப் பெட்டியில் இருக்கிறது, சாவி என்னிடம்.